முதல் பரிசு பெற்ற தண்ணீர்

சின்னவள் ஆங்கில மன்றத்தில் சேர்ந்தது ஆங்கிலம் படிப்பதற்காக அல்ல. வீட்டுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதை உரியவர்களிடம் சொல்ல வேறு எந்த வாசலும் திறந்திருக்கவில்லை.

அவர்கள் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு. சந்து போய் முட்டுகிற சுவர் ஒரு தூதரகத்தின் பின்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். வரிசையாக நிற்கும் கார்களைக் கழுவுவார்கள். முந்தின நாள் விருந்து நடந்திருந்தால் சமையற்கட்டையும் அலசிவிடுவார்கள். அத்தனை தண்ணீரும் ஒரு குழாய் வழியாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு சந்தில் வந்து விழும். சந்து சரிவானது. சரிவு சின்னவள் வீட்டு வாசற்படியில் முடிந்தது.

அம்மா அட்டைப்பெட்டி செய்பவள். கேக் கடை, செருப்புக் கடை, பொம்மைக் கடை என்று யார் கேட்டாலும் அளவுக்கு வெட்டி, மடித்து, பசை தடவிக் கொடுப்பாள். அவளுடைய தம்பி, அதாவது சின்னவளின் மாமா, அவற்றை அடுக்கிக் கட்டி சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவார். முன்னறை முழுக்க அட்டைதான். நனைந்த அட்டையை வெயிலில் காயவைக்கலாம். காய்ந்தபின் அது நெளிந்துகொண்டு தன் இஷ்டத்துக்கு நிற்கும். ஒரு தடவை கேக் கடைக்காரர் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டார். "கேக்கு நேராத்தான் இருக்கு. வாங்குறவங்க தலையைச் சாய்ச்சுப் பார்க்குறாங்க" என்றார்.

மாமா முதலில் நகராட்சிக்குப் போனார். அங்கே இருந்தவர் குழாயின் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பயபக்தியோடு திருப்பிக் கொடுத்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் வேற நாடுங்க. அங்கே நாங்க கைவெச்சா சண்டைன்னு ஆயிடும்."

"குழாயோட வாய் இந்தப் பக்கம்தானே இருக்கு?"

"வாய் இங்கேதான். உடம்பு அங்கே."

மாமா தூதரகத்தின் முன்வாசலுக்குப் போனார். காவலாளி பொறுமையாகக் கேட்டார். நம்மூர்க்காரர்தான். ஆனால் சீருடையைப் போட்டதும் அவருக்கும் அந்த நாட்டு நியாயம் வந்துவிடும்.

"சுவரைத் தாண்டுற வரைக்கும் அது எங்க தண்ணி. தாண்டிட்டா உங்க தண்ணி. உங்க தண்ணி உங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கு நாங்க என்னங்க பண்ண முடியும்?"

அதிகாரி யாரையாவது பார்க்கலாமா என்று கேட்டதற்கு, இணையத்தில் நேரம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். சின்னவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இணையம் அவள் இலாகா. தேடிப் பார்த்தாள். விசா, பாஸ்போர்ட், திருமணப் பதிவு, மரணப் பதிவு என்று இருந்தன.

"மரணத்தைத் தட்டு" என்றார் மாமா. "செத்துட்டோம்னு சொல்லி உள்ளே போயிடுவோம். போனப்புறம் பேசிக்கலாம்."

"அவங்க நாட்டுக்காரங்க செத்தாத்தான் மாமா."

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. 'மாணவர் நட்புறவு நிகழ்ச்சிகள்: ஆங்கில மன்றம், கட்டுரைப் போட்டி. அனைவரும் வருக!'

"அனைவரும் வருகன்னு போட்டிருக்கான்ல? போ" என்றாள் அம்மா.

மன்றம் சனிக்கிழமைதோறும் நடந்தது. குளிரூட்டிய அறை, தரைவிரிப்பு, தட்டில் பிஸ்கட்டு. அந்த நாட்டின் தாய்மொழி ஆங்கிலம் அல்ல. ஆரம்பத்தில் தங்கள் மொழியைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டே பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அறை மாறி வந்தவர். பிறகு ஆங்கிலம் என்று பலகையை மாற்றியதும் கூட்டம் நிரம்பியது. தங்கள் நாட்டின்மீது இளைஞர்களுக்கு இருக்கும் பற்றுக்கு இதுவே சான்று என்று தங்கள் தலைநகருக்கு எழுதிவிட்டார்கள்.

மன்றத்தை நடத்தியவர் ஒருங்கிணைப்பாளர். நம்மூர் அம்மாள். சிரிப்பை முகத்தில் ஏற்றியே வைத்திருப்பார், இறக்கிப் பார்த்தவர் இல்லை. சின்னவள் முதல் நாளே அவரைத் தனியாகப் பிடித்தாள்.

"மேடம், உங்க குழாய்த் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வருது."

ஒருங்கிணைப்பாளர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். 'இங்கே நல்ல எண்ணங்களை மட்டும் பேசுவோம்.'

"அதையே பாசிட்டிவா சொல்லு பார்ப்போம்."

சின்னவள் யோசித்தாள். "எங்க வீட்டுல தண்ணிக்குப் பஞ்சமே இல்லை."

"பார்த்தியா! எவ்வளவு அழகா இருக்கு!"

"மேடம், குழாயைப் பத்தி யாருகிட்ட சொல்றது?"

"அது கட்டடப் பிரிவும்மா. நாங்க பண்பாட்டுப் பிரிவு. ஒரே கேன்டீன்லதான் சாப்பிடுறோம், ஆனா பேசிக்க மாட்டோம். பேசினா எந்தப் பிரிவு பட்ஜெட்ல பேசினோம்னு கேள்வி வரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "புகார் சொல்றது மூணாவது நிலைப் பாடம். நீ இப்போ முதல் நிலை. அவசரப்படாதே" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று சின்னவள் நினைத்தாள். பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் உண்மை. முதல் நிலையில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது. இரண்டாம் நிலையில் வானிலை. மூன்றாம் நிலையில், 'புகார் செய்தல்: ஓட்டலில்.' சரி, வழி என்று ஒன்று இருக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். வானிலையைப் பற்றிப் பேசினாள். வெளியே மழை பெய்யாத நாளில் தன் வீட்டில் மட்டும் ஈரம் என்று அவள் சொன்னதை இலக்கணப் பிழை என்று திருத்தினார்கள். அதற்குள் வீட்டில் இரண்டு கட்டு அட்டை கூழாகிப் போனது. அம்மா அட்டைகளைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டுத் தரையில் படுக்க ஆரம்பித்தாள். பிறகு தரையும் நனையவே, மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நிலைப் பாடத்துக்குப் பண்பாட்டு அதிகாரியே நேரில் வந்தார். அந்த நாட்டுக்காரர், உயரம், கழுத்தில் சிறு பட்டுத்துணி. அவர் ஓட்டல் மேலாளராக நடிப்பார், மாணவர்கள் விருந்தினராக வந்து புகார் சொல்ல வேண்டும். ஒருவன் சூப்பில் ஈ என்றான். இன்னொருத்தி தலையணை கல்லாக இருக்கிறது என்றாள். சின்னவளின் முறை வந்தது. இத்தனை நாள் காத்திருந்த வாய்ப்பு.

"ஐயா, உங்கள் குழாயிலிருந்து என் அறைக்குள் அழுக்குத் தண்ணீர் வருகிறது. என் அம்மாவின் பிழைப்பு கெடுகிறது. உடனே நிறுத்துங்கள்" என்று ஆங்கிலத்தில், ஒரு பிழை இல்லாமல் சொன்னாள்.

பண்பாட்டு அதிகாரி பதறிப்போனார். நெஞ்சில் கை வைத்தார். "மிக்க மன்னிப்புக் கோருகிறேன், அம்மணி! இது எங்களுக்குப் பெரிய தலைகுனிவு. இந்த நிமிடமே சரி செய்கிறோம். உங்களுக்கு வேறு அறை தருகிறோம், காலைச் சிற்றுண்டியும் இலவசம்."

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நிஜமாகவா ஐயா? எப்போது வருவீர்கள்? முட்டுச்சந்தில் கடைசி வீடு."

அதிகாரி மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கவனித்தீர்களா? குரலில் என்ன உணர்ச்சி! எல்லோரும் கைதட்டுங்கள்." எல்லோரும் தட்டினார்கள். அவளுக்கு மூன்றாம் நிலைச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அந்த மாதம்தான் கட்டுரைப் போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, 'என் அண்டை வீட்டார்'.

சின்னவள் கதை கட்டவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினாள். எங்கள் அண்டை வீடு ஒரு தூதரகம். காலையில் அதன் தண்ணீர் எங்கள் அனுமதியைக் கேட்காமல் உள்ளே வருகிறது. நாங்கள் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம். சில நாள் அதில் சோப்பு நுரை வரும், விருந்துக்கு மறுநாள் மீன் முள் வரும். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. தயவுசெய்து குழாயை அடைத்துவிடுங்கள். இவ்வளவுதான் கட்டுரை. அடியில் வீட்டு முகவரியும் மாமாவின் போன் நம்பரும் கொடுத்திருந்தாள்.

முதல் பரிசு கிடைத்தது.

பரிசளிப்பு விழாவுக்கு அம்மாவையும் அழைத்தார்கள். அவள் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, முன்வரிசையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தூதர் மேடையேறினார். அவருக்குக் கட்டுரைகளைப் படித்துக் காட்டுவார்கள், அவர் மனம் உருகுவார். அது அவர் வேலையின் ஒரு பகுதி.

"நண்பர்களே, நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இது என்னைத் தூங்கவிடவில்லை. 'அதன் தண்ணீர் எங்கள் அனுமதியைக் கேட்காமல் உள்ளே வருகிறது.' ஒரு பண்பாடு இன்னொரு பண்பாட்டைத் தொடுவதை இதைவிட யார் சொல்லிவிட முடியும்? நாம் என்றைக்காவது அனுமதி கேட்டிருக்கிறோமா? இல்லை! அடுத்த வரி. 'நாங்கள் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம்.' ஏறுகிறார்கள், நண்பர்களே. நம் தொடர்பால் அவர்கள் உயர்கிறார்கள்!" குரல் தழுதழுத்தது. "மீன் முள்ளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதை நாம் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் யோசிக்க வேண்டும்."

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும் தட்டினாள். தட்டிக்கொண்டே மகள் பக்கம் சாய்ந்தாள்.

"என்னடி சொல்றாரு? அழுவுறாங்க எல்லாரும்?"

"நம்ம தண்ணியைப் பத்திம்மா."

"அப்பாடா. சரி பண்றாங்களாமா?"

"இல்லம்மா. அழகா இருக்காம்."

அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

மேடையில் கேடயத்தை வாங்கும்போது சின்னவள் தூதரின் காதருகே போய், "ஐயா, அது நிஜத் தண்ணீர்" என்றாள்.

"சிறந்த இலக்கியம் எல்லாமே நிஜம்தான், குழந்தாய்" என்று அவர் அவளைப் புகைப்படக்காரர் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுவாரம் பண்பாட்டு அதிகாரியும் ஒருங்கிணைப்பாளரும் புகைப்படக்காரரோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கட்டுரை பிறந்த இடத்தைப் படம் பிடிக்க வேண்டுமாம். சந்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைக் கண்டதும் அதிகாரி தோட்டத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பளபளக்கும் காலணியைத் தூக்கித் தூக்கி வைத்து முன்னறை வரைக்கும் வந்தார். மாமாவுக்கு நம்பிக்கை பிறந்தது. கண்ணால் பார்த்தபிறகு செய்யாமல் இருப்பார்களா?

"பார்த்தீங்களா சார்? அட்டை பூரா போச்சு" என்று ஒரு நனைந்த பெட்டியை எடுத்து நீட்டினார். அது கையிலேயே பிய்ந்தது.

ஒருங்கிணைப்பாளர் மொழிபெயர்த்தார். புகைப்படக்காரர், "அதே மாதிரி இன்னொன்னு பிய்க்க முடியுமா? வெளிச்சம் இந்தப் பக்கம் வரட்டும்" என்றார்.

அவர்கள் முன்னால் அம்மா முதல்தடவையாக வாயைத் திறந்து மகளிடம் சொன்னாள். "அந்தக் குழாயை அடைக்க என்ன செலவாகும்னு கேளு. நாங்களே கொடுத்துடுறோம்."

பண்பாட்டு அதிகாரி அவளுக்கு முன்னால் குனிந்து, மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார். "அம்மா, எங்கள் நாட்டின் கொள்கை மக்களின் குரலைக் கேட்பது. இந்த வருடம் மட்டும் ஆயிரக்கணக்கானவர்களின் குரலைக் கேட்டிருக்கிறோம். கேட்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. கேட்டதற்குப் பிறகு என்ன என்பது வேறு அமைச்சகம்."

படம் அச்சாகி வந்தது. கீழே 'நட்பின் நீரோடை' என்று போட்டிருந்தது. ஒரு திட்டமே அந்தப் பெயரில் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பணம் ஒதுக்கினார்கள். பணத்தை என்ன செய்வது என்று ஆராயக் கருத்தரங்கு நடத்தினார்கள். கருத்தரங்குக்குக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு அம்மாவிடம்தான் ஆர்டர் கொடுத்தார்கள். கருத்தரங்குச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய தண்ணீரில் அடுத்த ஆர்டர் நனைந்தது.

இந்த நிலையில் அந்த நாட்டின் அமைச்சர் ஒருவர் வருகிறார், நீரோடையை நேரில் பார்க்க விரும்புகிறார் என்று செய்தி வந்தது. அமைச்சர் வருவதற்கு முந்தின நாள் கறுப்புக் கோட்டு போட்ட இரண்டு பேர் சந்துக்கு வந்தார்கள். பாதுகாப்புப் பிரிவு. கவிதையெல்லாம் அவர்கள் படிப்பதில்லை. ஒருவர் ஈரத்தில் காலைத் தேய்த்துப் பார்த்தார். வழுக்கியது. மற்றவர் சட்டைக் காலரில் ஏதோ சொன்னார்.

அன்று சாயங்காலமே சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. அரைமணி நேரம்கூட ஆகவில்லை. குழாயைத் திருப்பி உள்ளேயே ஒரு சாக்கடையில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்கள். விழுந்துகொண்டிருந்த தண்ணீர் சொட்டாகி, சொட்டும் நின்றது. அம்மா வாசலில் நின்று பார்த்தாள். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

"அமைச்சர் வழுக்கி விழுவார்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே அமைச்சரைக் கூப்பிட்டிருக்கலாமே அக்கா" என்றார் மாமா.

மறுநாள் காலை பண்பாட்டு அதிகாரி முன்னதாக வந்தார். சந்து காய்ந்து கிடந்ததைக் கண்டு அவர் முகமும் காய்ந்தது.

"தண்ணீர் எங்கே?"

"நின்னுடுச்சு" என்றாள் சின்னவள். அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

அதிகாரி தலையில் கை வைத்தார். ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகப் படபடவென்று பேசினார். ஒருங்கிணைப்பாளர் சிரிப்பு மாறாமல் அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, அமைச்சர் நீரோடையைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வர்றாரு. ஒரே ஒரு மணிநேரம் குழாயைத் திறந்துவிடச் சொல்லட்டுமான்னு எங்க அதிகாரி கேக்குறாரு. அமைச்சர் போனதும் மூடிடலாம்."

"திறக்க ஒரு நிமிஷம். மூட எத்தனை வருஷம்?" என்றாள் அம்மா.

ஒருங்கிணைப்பாளரின் சிரிப்பு லேசாக இறங்கியது.

"குழாயைத் தொடக்கூடாது" என்றாள் அம்மா. "தண்ணிதானே வேணும்? சுவருகிட்ட ஆள் நிறுத்தி வாளியால ஊத்தச் சொல்றேன். ஆனா இனிமே எங்க வீட்டுக்குள்ள தண்ணி விடமாட்டோம்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. அமைச்சர் கையெழுத்து வேணும்."

பண்பாட்டு அதிகாரி அதிர்ந்தார். "உறுதிமொழி கொடுக்க எங்கள் பிரிவுக்கு அதிகாரம் இல்லையே! நாங்கள் கொடுக்கக்கூடியது சான்றிதழ் மட்டும்தான்."

"அதையே கொடுக்கட்டும்" என்றாள் அம்மா.

தங்கக் கரை போட்ட அட்டை காரிலேயே இருந்தது. மேலே 'மனமார்ந்த வாழ்த்துகள்!' என்று முன்பே அச்சடித்திருந்தது, அதை எடுக்க முடியவில்லை. அதன்கீழ் ஒருங்கிணைப்பாளர் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'இவ்வீட்டுக்குள் இனி எந்நாளும் தண்ணீர் விடப்படமாட்டாது என மகிழ்ச்சியுடன் சான்றளிக்கப்படுகிறது.'

அமைச்சர் வந்து இறங்கியதும் காரின் முன்பக்கத்தை மேசையாக வைத்து, மற்ற சான்றிதழ்களோடு இதையும் நீட்டினார்கள். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். எதையும் படிக்கவில்லை. பிறகு சந்துக்குள் நடந்தார். சுவரோரம் ஒரு தட்டிக்குப் பின்னால் மாமா வாளியோடு உட்கார்ந்திருந்தார். ஜாடை கிடைத்ததும் ஊற்ற ஆரம்பித்தார். மெல்லிய கோடாகத் தண்ணீர் ஓடிவந்தது. வீட்டுக் குழாய்த் தண்ணீர். அந்த ஓடை அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் ஓடியதில்லை.

அமைச்சர் அசைவற்று நின்றார். "சிறிய ஓடைதான். ஆனால் இரண்டு தேசங்களின் இதயத்தை இணைக்கிறது. இன்று இந்த இடத்தில் நின்று நான் உறுதி அளிக்கிறேன். இந்தத் தண்ணீர் ஒருநாளும் நிற்காது, தலைமுறை தலைமுறையாக..."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் மாமாவின் வாளி காலியாகிவிட்டது.

"என்ன சொல்றாரு?" என்று அம்மா கேட்டாள்.

"வாழ்த்துறாரும்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

அமைச்சர் போனபிறகு பண்பாட்டுப் பிரிவு சும்மா இருக்கவில்லை. திட்டம் நடக்கிறது, ஓடை இல்லையே என்று கட்டடப் பிரிவிடம் கேட்டுப் பார்த்தார்களாம். கட்டடப் பிரிவு சான்றிதழின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, அமைச்சரின் கையெழுத்துக்கு மேல் நாங்கள் குழாய் போட முடியாது என்று கையை விரித்துவிட்டது. இரண்டு பிரிவும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். எங்கள் திட்டத்தின் மகத்தான வெற்றி என்று அதையும் எழுதி அனுப்பினார்கள். முன்னறைத் தரை காய்ந்தது. அம்மா மறுபடி கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். மாமா கேக் கடைக்காரரிடம் போய், பெட்டியை ஒருதரம் நேராக நின்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

செய்தி சந்து முழுக்கப் பரவியது. தூதரகத்தைச் சுற்றி நாலு பக்கமும் வீடுகள்தானே. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறை இருந்தது. ஜெனரேட்டர் புகை அடுக்களைக்குள் வருகிற வீடு. தடுப்பு வேலி போட்டதில் வாசல் மறைந்துபோன தையல் கடை. தூதரக நாய் ஒன்று சுவரைத் தாண்டி வந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு போகிற வீடு. அடுத்த சனிக்கிழமை ஆங்கில மன்றத்தின் வாசலில் வரிசை திரும்பித் தெருமுனை வரை நின்றது. அடுத்த போட்டியின் தலைப்பு 'என் கனவு' என்று இருந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மாணவர் என்றால் என்ன வயது வரைக்கும் என்று சிலர் தயங்கினார்கள். எண்ணிக்கை கூடுவதைக் கண்ட ஒருங்கிணைப்பாளர், மனதால் இளமையாக இருக்கும் எவரும் மாணவரே என்று விதியைத் தளர்த்திவிட்டார். தூதரகத்தின் அக்கம்பக்கத்து மக்களிடம் உலகில் வேறெங்கும் காணாத இலக்கிய தாகம் பொங்கி வழிவதாகத் தலைநகருக்கு அறிக்கை போயிற்று.

கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லிச் சின்னவளிடம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். எழுபதை நெருங்கிய மாணவர். சுவர்மேல் தூதரகம் வைத்திருந்த பெரிய விளக்கு அவர் படுக்கையறைக்குள் நேராக அடிக்கும். விளக்கு வந்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கியதில்லை. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது.

சின்னவள் அவருடைய தாளை வாங்கிப் படித்தாள். 'எனக்கு உங்கள் வெளிச்சம் வேண்டாம். என் இருட்டைத் திருப்பிக் கொடுங்கள்' என்று தொடங்கியிருந்தார்.

"ஐயா, இதைப் பெரிய தத்துவம்னு எடுத்துப்பாங்க."

"எடுத்துக்கட்டும். பரிசு கிடைக்குமாம்மா?"

"கண்டிப்பா கிடைக்கும்."

"அமைச்சர் வருவாரா?"

"வரலாம்."

பெரியவர் எழுந்திருக்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ராத்திரில வருவாரான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியா? பகல்ல வந்தா விளக்கு அணைஞ்சுதானே இருக்கும்."